அளவு ரவிக்கை

இது என்னுடையது என்று சொல்ல ஏன் வாய் வரவில்லை என்று வசுமதி தனக்குள் கேட்டுக்கொண்டாள். மகள் கல்யாணத்துக்குத் தைக்க அவள் கொண்டுவந்த அளவு ரவிக்கை, வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷனுக்குப் பின் இளைத்திருந்த வருடத்தில் தைத்தது. குறைந்த எடையெல்லாம் திரும்பி வந்துவிட்டது.

“யாரோடதுக்கா இது?” என்று தையற்காரப் பெண் கேட்டபோது, “தங்கச்சியோடது” என்று சொல்லிவிட்டாள்.

“இல்லாத தங்கச்சி!” என்று காதருகே சிரித்தார் கணவர் பாலகுரு. “இதே அளவுக்கே தைக்கட்டும். இன்னொரு ஆபரேஷன் பண்ணா கல்யாணத்துக்குள்ள எறங்கிடும்னு டாக்டர் சொல்றார்ல. அவர்கிட்ட சரின்னு சொல்லிடவா?”

அந்த வருடம் எல்லோரும் அவளை அழகென்றார்கள். மூன்று கவளத்துக்கு மேல் போனால் வாந்தி. ஒரு நாளாவது பசித்ததாக அவளுக்கு நினைவில்லை.

“வேண்டாங்க” என்று மெல்லச் சொல்லிவிட்டு, அளவெடுக்க வாகாகக் கைகளை விரித்து நின்றாள்.