பதினொரு பேருக்கும் ஒரே நாள்

“வயசுக்கு வந்த புள்ளைங்களைக் கூட்டி வெச்சுப் பேசற பேச்சா இது?”

வெங்கடம்மாள் போட்ட சத்தத்தில், பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அவள் ஊர்க்கவுண்டர் திம்மராயனின் மனைவி. வாயைத் திறந்தால் நாட்றாம்பாளையம் வரைக்கும் கேட்கும்.

கிராம சேவிகா சரோஜம்மாள் விடவில்லை.

“உங்க ஊரு சம்பங்கி தீட்டுத்துணியை ஈரத்தோட கூரையில ஒளிச்சு வெச்சு, அதையே திரும்பக் கட்டிப் புண்ணாகி, போன மாசம் காய்ச்சல்ல பொழைச்சதே பெரிசு. துணியைத் துவைச்சு நல்லா வெயில்ல காயப் போடுங்கன்னு சொல்றது தப்பா?”

“வெயில்லயா? ஆம்பளைங்க கண்ணுல படவா?” வாசலில் ஆண்களோடு நின்ற திம்மராயன் காதைப் பொத்திக்கொண்டார். “இந்தப் பேச்சே இங்க கூடாது. ஜீப்பு வந்ததும் ஏறிப் போயிடும்மா.”

வெங்கடம்மாள் சரோஜம்மாளைச் சுற்றி ஒரு வட்டம் வந்தாள். புடவையை உற்றுப் பார்த்தாள்.

“ஐயய்யோ, இவளே வீட்டுக்குத் தூரமா இருக்கா! நான் பாத்துட்டேன்!”

கவுண்டரும் கூட நின்ற ஆண்களும் பத்தடி பின்வாங்கினார்கள்.

“பொய்! நான் ஒண்ணும்...”

“வாயை மூடு. மூணு நாளு முட்டு வீட்டுல கிட. அப்புறம் ஜீப்போ காரோ, எதுல வேணா போ.”

முட்டு வீடு என்பது தூரமான பெண்கள் ஒதுங்கியிருக்க ஊருக்கு வெளியே போட்ட புல்குடிசை. ஆண் கூட்டம் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காது. உள்ளே உட்கார்ந்த சரோஜம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. இப்படியா அபாண்டம் சொல்வது! இந்த அடாவடிக்காரியால் இன்னும் எத்தனை சம்பங்கிகள் காய்ச்சலில் கிடக்கப் போகிறார்களோ?

“அக்கா...”

வாசலில் சம்பங்கி, கையில் பாயோடு.

“என்னடி?”

“நானும் தூரம்.” சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பின்னாலேயே ரங்கம்மா வந்தாள். அவளும் தூரமாம். அப்புறம் செல்லி, சாந்தம்மா. மத்தியானத்துக்குள் பதினொரு பேர் சேர்ந்துவிட்டார்கள். குடிசையில் கால் நீட்ட இடமில்லை, ஒரே சிரிப்பு.

“நிஜமா எத்தனை பேருடி?”

பதினொரு பேரும் இல்லையென்று தலையாட்டினார்கள்.

“பின்னே, யாரு அனுப்பினது?”

“கவுண்டரம்மாதான்! ‘உன் மவ தூரம், முட்டு வீட்டுக்கு அனுப்புடி’ன்னு வீடு வீடா வந்து அதட்டிட்டுப் போச்சு. ஆம்பளைங்க எட்டிப் பாக்காத எடம் ஊர்லயே இது ஒண்ணுதானாம்.”

சரோஜம்மாள் சந்தோஷத்தோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுவதற்குள், களிச்சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெங்கடம்மாளே உள்ளே வந்தாள்.

“நகருங்கடி. எனக்கும் தூரம்.”

சரோஜம்மாள் சிரித்தே விட்டாள். “உங்களுக்கா? வயசு அறுபது இருக்குமே! யாராவது நம்புவாங்களா?”

வெங்கடம்மாள் முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“கவுண்டரே ‘போ, போ’ன்னு அனுப்பி வெச்சாரு. இதெல்லாம் எத்தினி வயசுல நிக்கும்னு நம்மூரு ஆம்பளை எவனுக்குத் தெரியும்? நீ பாடத்தை ஆரம்பி.”