சாம்பல் படியாத மேசை

பேசினாலே இருமல் பிடிக்கிறது, பேச்சைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து பொன்சிங் சாப்பாட்டு மேசையில் எழுதித்தான் பேசினார். பேனா தேவைப்படவில்லை. இருபத்தாறு வருடம் அவர் கரி அள்ளிய அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் ஜன்னலுக்கு நேரே நின்றன. துடைத்த ஒரு மணி நேரத்தில் விரலால் எழுதத் தோதாக மேசையில் சாம்பல் படிந்துவிடும்.

"உப்பு கம்மி" என்று எழுதுவார்.

"கரியத் தின்ன நாக்குக்கு உப்பு மட்டும் தெரியுதாக்கும்" என்று மனைவி ஜெபக்கனி ஈரத்துணியால் துடைப்பாள்.

கல்யாணமான நாளிலிருந்து வாய்விட்டுச் சொல்லாத சிலதையும் இப்போது எழுதினார். அவற்றை மட்டும் அவள் துடைக்காமல், மேலே தட்டைக் கவிழ்த்து மூடி வைத்தாள்.

பராமரிப்புக்காக நிலையத்தை நிறுத்திய நான்காம் நாள் மேசை பளிச்சென்று கிடந்தது. அவர் விரலால் எழுதினார். ஒன்றும் தெரியவில்லை. மறுபடியும் எழுதினார்.

"என்ன எழுதுதிய? இன்னைக்குத்தான் இருமலக் காணமே, வாயத் தொறந்து சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். பிறகு வெட்கப்பட்டு மூடிக்கொண்டார்.

"சரி, இதுல எழுதுங்க" என்று அவள் உள்ளங்கையை நீட்டினாள்.

நிதானமாக எழுதினார். அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே முதல் புகைபோக்கி மெல்லப் புகையத் தொடங்கியிருந்தது. மூடிய கையைத் திறக்காமலே எழுந்து போய், மறு கையால் ஜன்னலைச் சாத்தினாள்.