எழுதினவன்

அடுக்ககத்துக் கூட்ட அறையில் இணைய மோசடி பற்றிய வகுப்பு. போலீஸ் அதிகாரியம்மா திரையில் ஒரு மின்னஞ்சலைக் காட்டினார்.

"மூணாவது மாடி தலைமையாசிரியருக்கு நேத்து வந்தது. பேங்க்ல இருந்து வந்த மாதிரியே இருக்கு பாருங்க."

கடைசி வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருந்தவருக்கு, அதைப் பார்த்ததும் காது மடல் சுட்டது.

"பேர் சொல்லாம 'அன்பார்ந்த வாடிக்கையாளரே'ங்கிறான். இன்னிக்கே விவரம் தரலேன்னா கணக்கை முடக்கிடுவேன்னு மிரட்டுறான். கீழே இருக்கற லிங்க்கை அழுத்துன்னு அவசரப்படுத்துறான். இந்த மூணும் இருந்தா திருடனேதான்!"

"பார்த்தவுடனே கண்டுபிடிச்சிட்டேன்ல!" என்று தலைமையாசிரியர் மீசையை நீவிக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"இவ்வளவு மட்டமா எழுதினா எந்த மடையன் நம்புவான்?" என்று சிரித்த மனைவி, கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க? ஐயையோ, இதைப் போய் அழுத்தித் தொலைச்சீங்களா?"

அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது. அத்தனை தலைகளும் திரும்பின.

அதிகாரியம்மா இரக்கத்தோடு அருகில் வந்தார். "வெட்கப்படாதீங்க சார். நல்லாப் படிச்சவங்களே ஏமாந்துடுறாங்க. ஒரு புகார் எழுதிக் குடுங்க. எழுதினவன் எந்த மூலையில ஒளிஞ்சிருந்தாலும் பிடிச்சிடலாம்."

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

"தேட வேண்டாம் மேடம். அது நிஜமாவே எங்க பேங்க் அனுப்பினது. எழுதினவன் நான்தான்."