மஞ்சள், பச்சை, நீலம்

ஆக்சிலேட்டரைத் திருகியதும் வண்டி உறுமியது.

பின்சக்கரம் ஓர் அங்குலம் முன்னே வந்து, ஓர் அங்குலம் பின்னே போய், கிரைண்டருக்குள் கல் மாட்டிக்கொண்டதுபோல் கடகடத்தது. சென்டர் ஸ்டாண்டில் நின்ற எலெக்ட்ரிக் பைக் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சலாஹுதீன் தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, "கமரு, வந்து பிடி" என்று கத்தினான்.

கமருன்னிஸா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கணவனின் முகத்தைப் பார்க்காமல் இடது பக்கம் நின்று ஹேண்டில்பாரைப் பிடித்தாள்.

மோட்டாருக்குக் கரண்ட்டை அளந்து விடுகிற கன்ட்ரோலர், ஐப்பசி மழையில் தண்ணீர் புகுந்து செத்துப்போயிருந்தது. அதே கம்பெனிச் சரக்கு எங்கும் கிடைக்கவில்லை. தஞ்சாவூர் வரைக்கும் போய் வேறொன்று வாங்கிவந்திருந்தான். மோட்டார் நாற்பத்தெட்டு வோல்ட், இதுவும் நாற்பத்தெட்டு. சக்கரத்துக்குள்ளிருந்து வந்த தடித்த ஒயர்கள் மஞ்சள், பச்சை, நீலம். கன்ட்ரோலரிலும் மஞ்சள், பச்சை, நீலம். நிறத்துக்கு நிறம் மாட்டியிருந்தான்.

"கலரு பாத்துச் சேத்தா சேந்துடுமா மச்சான்? நம்மளையும் அப்படித்தான் சேத்து வச்சாங்க."

பல்லைக் கடித்துக்கொண்டான். பதினோரு வருசமாகச் சவூதியில், தம்மாமில் எலெக்ட்ரீஷியன். மூன்று பேஸ் மோட்டாரில் இரண்டு ஒயரை மாற்றிப் போட்டால் மிஞ்சிப்போனால் திருப்பிச் சுற்றும், ஓடாமல் இருக்காது. அவன் மாட்டிய பம்புகள் எல்லாம் அப்படித்தான். அவள் பேராவூரணிக்கு வேலைக்குப் போய்வருகிற இந்தப் பொம்பளை வண்டி மட்டும் தன்னைப் பார்த்து உறுமுவதை அவனால் பொறுக்க முடியவில்லை.

கடைக்காரருக்குப் போன் அடித்தான். "ஆறு விதமா மாட்டலாம் பாய். மாத்தி மாத்திப் பாருங்க, ஒண்ணுதான் சேரும்" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

மூன்று மணிக்குத் திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கார். இப்போது ஒன்றரை.

இந்த லீவோடு முடித்துக்கொண்டு வந்துவிடுவதாக நோன்பு மாதத்தில் போனில் சொன்னவன் அவன்தான். முந்தாநாள் அவன் பெட்டியிலிருந்த சட்டைகளை எடுத்து அலமாரியில் அடுக்கும்போது, திரும்பிப் போகிற டிக்கெட் அவள் கையில் அகப்பட்டது. அதற்குப் பிறகு வீட்டில் தட்டு வைக்கிற சத்தம் மட்டும்தான்.

இன்று காலையில் அவன் வெடித்தான். "இப்ப என்னதான் செய்யணுங்கிறே? உன் வண்டி ஓடாம நான் வீட்ட விட்டுக் கிளம்ப மாட்டேன். போதுமா?"

"போதும்" என்றாள்.

அவளுக்கு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. பஸ்ஸை நம்பி ஒரு மாதமாகத் தினமும் லேட்.

மஞ்சளை விட்டுவிட்டு, பச்சையையும் நீலத்தையும் மாற்றினான். திருகினான்.

இப்போது உறுமல்கூட இல்லை.

மஞ்சளை நீலத்தோடு போட்டான். இல்லை.

ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. பேட்டரியில் டெஸ்டரை வைத்தான். அதுவும் சரி. மறுபடி ஒயரை மாற்றினான். சக்கரம் மாமியார் வீட்டு மாப்பிள்ளைபோல் அசையாமல் இருந்தது. கடைக்காரரைத் திட்டினான். சீனாக்காரனைத் திட்டினான். மழையைத் திட்டினான்.

"தம்மாமுல கரண்டு வேற மாதிரியோ" என்றாள்.

ஸ்பேனரை வீசினான். அது வாசற்படியில் பட்டு, துவைக்கிற கல்லுக்கடியில் போய் விழுந்தது.

"செத்த வாய மூடுறியா?"

"நான் என்ன செஞ்சேன்? வண்டியப் பிடிச்சிக்கிட்டுத்தானே நிக்கிறேன்."

ஐந்தாவதும் இல்லை. விரல்கள் எரிந்தன. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அதையும் மாட்டி முடித்தபோது உள்ளே போன் அடித்தது.

"கார்க்காரரா இருக்கும். விட்டுட்டுப் போனா சாஞ்சிடுமே?"

"சாயட்டும், போ."

அவள் போனாள். இடுப்பால் வண்டியை முட்டுக் கொடுத்துக்கொண்டு, நம்பிக்கையே இல்லாமல் திருகினான்.

சக்கரம் சுற்றியது.

உறுமல் இல்லை, உதறல் இல்லை. முன்பக்கமாக, வழுக்கிக்கொண்டு சுற்றியது. டயரில் காய்ந்திருந்த வயல் சேறு தெறித்துச் சுவரில் பட்டது. அவளைக் கூப்பிட வாயெடுத்தான். அதற்குள் அவளே வந்துவிட்டாள்.

"அரை மணியில வந்துடுவாராம்" என்றவள், பழையபடி இடது பக்கம் வந்து பிடித்துக்கொண்டாள்.

பார் என்று சொல்லாமலே காட்டுவதற்காகத் திருகினான்.

சக்கரம் அசையவில்லை.

ஒயரைப் பார்த்தான். ஒன்றும் கழன்றிருக்கவில்லை. பிறகு அவள் இடது கையைப் பார்த்தான்.

இரண்டு விரல்கள் பிரேக்கின் மேல் இருந்தன. சக்கரத்தைப் பிடிக்கிற அளவுக்கு அல்ல, லேசாகத்தான். இந்த வண்டியில் பிரேக்கைத் தொட்டாலே போதும், கன்ட்ரோலர் கரண்ட்டை நிறுத்திவிடும். ஒரு நாளும் இதை ஓட்டாத அவனுக்கு அது நினைவுக்கு வரவில்லை. மூன்று வருசமாக ஓட்டுகிறவளுக்குத் தெரியும்.

ஒரு மணி நேரம்.

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் வாய்வரைக்கும் வந்து நின்றன. அவள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நேரம் அதே அளவு அழுத்திப் பிடித்ததில் அந்த இரண்டு விரல் நுனிகளும் வெளுத்துப்போயிருந்தன.

சாவியை அணைத்தான். குந்தி உட்கார்ந்து, மூன்று ஒயர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றினான்.

"இதுவும் சேரல" என்றான்.