ஃபுல் திருப்தி

"குறைன்னு ஒரு வார்த்தை வரக்கூடாது, ஆமா!"

காலையிலேயே தேயிலைத் தோட்டத்து வீட்டு வரிசை எல்லாம், லயம் லயமா போய்ச் சொல்லிட்டேன். தோட்டத் தலைவர்னா சும்மாவா?

நாம குடியிருக்கிற காம்பராக்களைப் புடுங்க வந்த கம்பெனிக்கு எதிரா, லண்டன் வக்கீல்மாரும் நம்ம ஊர் வக்கீல் பிரேமினி மேடமும் சேர்ந்து இலவசமா கேஸ் நடத்தி ஜெயிச்சுக் குடுத்தாங்க. அந்த உதவி எப்படி இருந்துச்சுன்னு விசாரிக்க லண்டன்ல இருந்து ஒரு அம்மா வர்றாங்க. நல்லபடியா சொன்னாத்தானே மேல் லயத்தையும் காப்பாத்துவாங்க? அங்கயும் வெளியேறச் சொல்லி இப்பதான் நோட்டீஸ் வந்திருக்கு.

வேலைக்குப் போறவங்க பிள்ளைகளை விட்டுட்டுப் போற பிள்ளைக்காம்பராவுல கூட்டம். கூரை இல்லாததால மேல தறப்பாள் கட்டினோம். மாலை, ஆலாத்தி, தப்பு அடிக்க ஆள், எல்லாம் ரெடி!

அந்த அம்மா மாலையை வாங்கல. பிரேமினி மேடத்தையும் வெளிய நிக்கச் சொல்லிட்டாங்க.

"அவங்க இருந்தா நீங்க மனசு விட்டுப் பேச மாட்டீங்களாம்." தமிழ்ல சொல்றதுக்கு ஹட்டன்ல இருந்து வந்த அப்ரா சிரிச்சா. "சரி, உதவி எப்படி இருந்துச்சு?"

"சூப்பர்!"

"இன்னும் ஏதாவது செய்யணுமா?"

"ஒண்ணுமே வேணாம், ஃபுல் திருப்தி!" நான்தான் முதல்ல கத்தினேன். ஒரே கைதட்டல்.

அப்பத்தான் வினோதா எழும்பினா. முதல் கேஸ்ல காம்பரா தப்பினவங்கள்ல இவளும் ஒருத்தி!

"எனக்குத் திருப்தி இல்லீங்க. பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு."

எனக்கு ரத்தம் கொதிச்சிருச்சு. "நன்றி கெட்டவளே, உக்காரு!"

கூட்டமே அவளைத் திட்டுச்சு. அவ காதுல வாங்காம நேரா அப்ராகிட்ட போய் என்னமோ சொன்னா. அப்ரா அதை அந்த அம்மாகிட்ட சொன்னா.

போச்சு, மேல் லயம் போச்சுன்னு நான் தலையில கை வச்சுட்டேன்.

அப்ரா மைக்கைப் பிடிச்சா.

"எல்லாருக்கும் முழுத் திருப்தின்னா, வேலை முடிஞ்சுதுன்னு இந்த அம்மா எழுதிட, வக்கீல்மார் வேற நாட்டுக்குப் போயிருப்பாங்களாம். மேல் லயத்து நோட்டீஸ் பத்தி இந்த அக்கா சொன்னாங்க. அந்தக் கேஸ் முடியிற வரைக்கும் இங்க உதவியை நிறுத்த ஏலாதுன்னு எழுதப் போறாங்களாம்!"

அவ்வளவுதான்! தப்பு அதிர்ந்துச்சு. மேல் லயத்துக்காரங்க வினோதாவைத் தூக்கிக்கிட்டு ஆடினாங்க.

நான் அசடு வழிய அவகிட்ட போனேன். "இப்படித்தான் ஆகும்னு உனக்கு எப்படிப் புள்ள தெரியும்?"

"மேல பாருங்க, தலைவரே. இந்தப் பிள்ளைக்காம்பராவைக் கட்ட வந்தவங்ககிட்ட, கூரை போட முன்னாடியே 'ஃபுல் திருப்தி'ன்னு சொன்னது யாரு?"