சொந்தத்துக்கான பங்கு

பக்ரீத் அன்று குர்பானிக் கறியை மூன்று பங்காக்கிய கவுஸ் பாஷா, சொந்தத்துக்கான பங்கைத் தூக்குவாளியில் போட்டு, கே.ஜி.கண்டிகையில் இருக்கும் தம்பி சிக்கந்தருக்கு ஆட்டோவில் கொடுத்தனுப்பினார். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

“வருஷா வருஷம் திருப்பி அனுப்புறாரு. இன்னும் எதுக்குங்க?” என்றாள் மனைவி ஜரீனா.

“சொந்தத்தை அறுத்துக்கக் கூடாது. அது என் கடமை. இந்த வாட்டியும் திருப்பினான்னா, பொண்ணு நிக்காஹுக்கு அவனைக் கூப்பிட மாட்டேன்.”

மதியம் ஆட்டோ திரும்பியது. தூக்கு நிறைந்தே இருந்தது.

“பார்த்தியா திமிரை? எப்பவும்போல திறக்காம ஏழைங்களுக்குக் கொடுத்துடு.”

ஜரீனா திறந்துவிட்டாள். “இது நம்ம கறி இல்லீங்க. நாம போட்டது எலும்பு. இதுல ஈரலும் தொடைக்கறியும் இருக்குது.”

ஆட்டோக்காரர் சந்திரமோகன் வாசலிலேயே நின்றிருந்தார். “அவரும் ஆடு வெட்டுறாருங்க. வருஷா வருஷம் உங்க கறியை எடுத்துகினு, அவரு பங்கைப் போட்டுத்தான் கொடுக்கிறாரு.”

“ஏய்யா சொல்லல?”

“அவன் பேச்சையே எடுக்காதேன்னு நீங்கதானே சொல்லிகினு இருந்தீங்க?”

கவுஸ் பாஷா தூக்கை மூடிவிட்டு ஜரீனாவிடம் திரும்பினார்.

“நிக்காஹ் பத்திரிகையை எடு. நானே போறேன். நம்ம ஆட்டு ஈரலை அவனுக்குக் கட்டிக் கொடு.”

“அதைக் காலையிலயே நீங்க சாப்பிட்டுட்டீங்களே.”