புதுப் பேர்

"இளங்குமணா."

பிள்ளை திரும்பவில்லை.

தன் இடுப்பில் உட்கார்ந்திருந்தவனை அம்மா இன்னொரு தடவை கூப்பிட்டாள். அப்போதும் இல்லை. எதிர்வீட்டு ஓட்டில் ஒரு காக்கா கத்தியது. வெடுக்கென்று அந்தப் பக்கம் பார்த்தான்.

"பாத்தீங்களாண்ணே. காது நல்லாத்தான் கேக்குது. டாக்டரும் சொல்லிட்டாரு. பேரைச் சொன்னா மட்டும் திரும்ப மாட்டேங்கறான். நீங்க கட்சி மாறுன நாள்லருந்து."

பிரசார வேனின் மேல் நின்றிருந்தவருக்குச் சிரிப்புதான் வந்தது. இந்தத் தொகுதியில் என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள் அவரிடம். குடிதண்ணீர், ரோடு, பட்டா. இது புதுசு.

ஆளும் லேசுப்பட்டவர் இல்லை. இது மூன்றாவது கட்சி. ஒவ்வொரு தடவையும் சால்வையைப் போர்த்திக்கொண்டு, தாய்வீட்டுக்கு வந்துவிட்டேன் என்பார். இத்தனை தாய்வீடு உள்ள மனுசரை ஊர் அதற்குமுன் பார்த்ததில்லை.

சிரிப்பு பாதியில் நின்றது. ஞாபகம் வந்துவிட்டது.

இதே தெரு. மூன்று வருசம் முன்னால், இடைத்தேர்தல். இதே பெண், பிறந்து மாசமாகாத பிள்ளையைப் பேர் வைக்கச் சொல்லி நீட்டினாள். அன்றைக்கு இருந்த கட்சித் தலைவரின் பேரையே வைத்தார். பிள்ளையின் காதில் மூன்று தடவை சொன்னார். கூட்டம் கைதட்டியது.

"நேத்து கண்ணாடியப் பாத்து, அது யாருன்னு என்கிட்டயே கேக்குறாண்ணே."

அவள் குரல் உடைந்தது. தூங்கி ரொம்ப நாளான முகம்.

"வச்ச வாயால ஒரே ஒரு தடவை கூப்பிடுங்க. எம்புள்ள திரும்பிருவான்."

ஒரு தடவை. அவ்வளவுதான்.

ஆனால் கையில் மைக். தெரு முழுக்கத் தூக்கிப் பிடித்த போன்கள். பக்கத்தில் புதுக் கட்சியின் மாவட்டச் செயலாளர். வேட்புமனுத் தாக்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. கொடுத்த சீட்டைப் பிடுங்கவும் நாள் இருக்கிறது. பழைய தலைவரின் பேர் இந்த வாயிலிருந்து விழுந்தால், வேன் அடுத்த தெருவுக்குள் திரும்புவதற்குள் தலைமைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

அவர் ஒன்றும் கல்நெஞ்சுக்காரர் இல்லை. பாவம், பெற்றவள். மைக்கை இறக்கிவிட்டுக் காதோடு காதாகச் சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

"புள்ளைய இப்படிக் குடும்மா."

வாங்கினார்.

கனமே இல்லை. உச்சிவெயிலில் இருந்த பிள்ளை. உடம்பு ஜில்லென்று இருந்தது.

மைக்கைத் தாழ்த்தினார். அந்தச் சின்னக் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனார்.

மாவட்டச் செயலாளரும் கூடவே குனிந்தார்.

அவ்வளவு பக்கத்தில் இன்னொரு காது.

அவர் நிமிர்ந்தார். மைக்கை உயர்த்தினார்.

"இன்று முதல் இந்தப் பிள்ளையின் பேர் வேல்மாறன்."

புதுத் தலைவரின் பேர். விசில் பறந்தது. மாவட்டச் செயலாளர் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பிள்ளை திரும்பினான்.

கூப்பிட்ட மாத்திரத்தில், முகம் முழுக்கச் சிரிப்போடு திரும்பினான்.

கீழே நின்றவள் வாய்விட்டு அழுதாள். பேர் எதுவானால் என்ன, பிள்ளை திரும்பிவிட்டான். அது போதும் அவளுக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

"வாடா எஞ்சாமி. அம்மாகிட்ட வா."

பிள்ளை கூட்டத்தைப் பார்த்தான். தண்ணீர்க்குடத்தோடு நின்ற பெண்ணைப் பார்த்தான். சைக்கிளைப் பிடித்தபடி நின்றவரைப் பார்த்தான். அவளையும் பார்த்தான்.

எல்லாரையும் ஒரே மாதிரிதான் பார்த்தான்.

பிறகு சின்னக் கைகள் இரண்டையும் சேர்த்தான். குடத்துக்காரிக்கு ஒரு வணக்கம் வைத்தான். சைக்கிள்காரருக்கு ஒரு வணக்கம்.

கை நீட்டி நின்ற அம்மாவுக்கும் ஒரு வணக்கம் வைத்தான்.